பாடாத ‘பாட்’

லா சப்பல், பாரிஸ்

அன்பான பேர்ளிக்கு,

மடு மாதாவின் காவலில் நான் சுகம். உமது முதுகு நோ குறைந்ததா? மாமி மருந்தை ஒழுங்காக எடுக்கிறாவா?

எங்கள் டிலானியின் மூன்றாவது பிறந்தநாளுக்குப் பாட்டுச் செய்வதாகச் சொன்னேன் அல்லவா? கணினியிலேயே வாத்திய ஒலி தரும் சிந்தசைசர் மென்பொருள்கள் மூன்றை இறக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஆயிரம் ஒலிகள். எதைத் தெரிவுசெய்வதென்று விளங்காமல் இரண்டு வாரமாக முழிக்கிறேன்.

நேற்று என் அறைக்காரன் கிறிஸ்தோப்பர் எட்டிப் பார்த்து, “அண்ணை, இஞ்சை பாட் எண்டு கிடக்கு. அமத்துங்கோ, பாடும்” என்றான். அமத்தினேன். வெறும் இரைச்சல்தான் நீண்டது. பின்னணியில் நீண்டு ஒலிக்கும் ஒலிவகைக்குப் பெயரான ‘பேட்’ (pad) என்ற ஆங்கிலச் சொல்லைப் பிரெஞ்சுப் பழக்கத்தில் வாசித்திருக்கிறான். பாட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. இருவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

பிறந்தநாளுக்கு இன்னும் ஆறு நாள். எனக்கு ஒரு ஒலியும் பிடிபடவில்லை. ஒரு சின்ன உதவி செய்யும். பிள்ளை ‘அப்பா’ என்று சொல்வதைப் போனில் பதிந்து அனுப்பும். அதைக் கீபோர்ட்டின் ஒரு கட்டையில் ஏற்றலாமாம். அமத்துகிற நேரமெல்லாம் அது கூப்பிடும்.

ஒபர்வில்லியே கிடங்கு வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நீர் சொல்லிக் கொடுக்க வேண்டாம், என் படத்தை மட்டும் காட்டும். போன முறைபோல என்னை ‘மாமா’ என்று சொன்னால், அதையே அனுப்பும்.

உமது
அலெக்சிஸ்