கடற்புறத் தெருவின் நாற்பத்தொரு பெயர்கள்

அய்யா துணை

தேங்காய்ப்பட்டணம் அருகே,
மே 18, திங்கள்.

அன்புள்ள அத்தானுக்கு,

தன்யா எழுதுகிறேன். நீங்கள் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அய்யாவிடம் வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். மாமியும் அஞ்சுவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம்.

சுனில் லீவு முடிந்து வியாழக்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து மஸ்கட்டுக்கு ஏறுகிறான். பலாப்பழம் கிண்டிச் செய்த சக்கை வரட்டி ஒரு பாட்டிலும் உங்கள் மூட்டுவலித் தைலமும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். இந்தக் கடிதமும் அதே பொட்டலத்தில் இருக்கும். போனில் பேசத் தொடங்கினால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. நீங்கள் பாதியில் வைத்துப் பதினோரு நாளாகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு அப்புறமாக எடுத்துப் படியுங்கள், கிழித்துவிடாதீர்கள்.

கோடை மழை நன்றாகப் பெய்கிறது. பின்பக்க ஓடு மறுபடி ஒழுகியது, தங்கையன் வந்து மாற்றித் தந்தார். அஞ்சு ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடித்துவிட்டாள். மாமிக்கு இரவில் இருமல் குறைந்திருக்கிறது.

இனி அந்த விஷயம். நீங்கள் அபிலாஷ் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திகளில் படித்திருக்கிறீர்கள். என் வாயால் முழுதாகக் கேட்கவில்லை.

போன நவம்பரில் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையை அங்கன்வாடி டீச்சர்களான எங்கள் தலையில் கட்டியது உங்களுக்குத் தெரியும். என் பூத்தில் ஆயிரத்துச் சொச்சம் பெயர். காலையில் பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் படிவக் கட்டோடு இறங்கினால் இருட்டும்போதுதான் திரும்புவேன். மேற்பார்வையாளர் ஆனந்தகிருஷ்ணன் சார் தினமும் எத்தனை முடிந்தது என்று கேட்டு எல்லார் முன்னாலும் பெயரை வாசிப்பார். நான் எப்போதும் கடைசியில் இருந்தேன். கடற்புறத் தெரு மட்டும் பாக்கி நின்றது.

அப்போதுதான் உங்கள் கூட்டுக்காரன் அபிலாஷ் ஒரு பட்டியலோடு அங்கன்வாடிக்கு வந்தான். கடற்புறத்தில் நாற்பத்தொரு பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், எல்லாருக்கும் கேரளத்தில் ஓட்டு இருக்கிறது, இங்கேயும் வைத்திருக்கிறார்கள் என்றான். கட்சிக்காரன் கொடுத்த பட்டியலில் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று எனக்குத் தயக்கம். அன்றைக்கு உங்களைக் கூப்பிட்டுத்தான் கேட்டேன். நீங்கள் வேலைக்கு நடுவில் இருந்தீர்கள். "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒப்பு போட்டுக் கொடுத்துட்டு வேற வேலையைப் பாரு" என்றீர்கள்.

ஒப்பு போட்டேன். மூன்று முறை நேரில் சென்றதாகவும் வீடு பூட்டிக் கிடந்ததாகவும் நாற்பத்தொரு தடவை எழுதினேன். ஒரு முறைகூட அந்தத் தெருவுக்குப் போகவில்லை அத்தான். மறுநாள் கூட்டத்தில் ஆனந்தகிருஷ்ணன் சார் என்னைப் பாராட்டினார். வரும் வழியில் மார்த்தாண்டத்தில் இறங்கி அஞ்சுவுக்குச் செருப்பு வாங்கினேன். அன்று எனக்கு மனசில் எந்த உறுத்தலும் இல்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

ஓட்டுப்போடும் நாளில் பூத்துக்கு வெளியே பட்டியலோடு ஒரு மேசையில் என்னை உட்காரவைத்திருந்தார்கள். பத்து மணி இருக்கும், ஆன்ட்ரூஸ் அண்ணனும் அவர் பெண்சாதி லூர்தம்மாளும் வந்தார்கள். லூர்தம்மாளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபது வருடமாக நம் வாசலில் மீன்கூடையை இறக்கியவள். மாமியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அண்ணன் கொச்சியில் விசைப்படகில் இருக்கிறார். ஓட்டுக்காகவே இரண்டு நாள் லீவு கேட்டு வாங்கி, அன்று காலை ரயிலில் வந்து குழித்துறையில் இறங்கியிருக்கிறார். தேய்த்த சட்டை போட்டிருந்தார்.

இரண்டு பேர் பெயரும் இல்லை. நான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். இல்லை என்று தெரிந்தும் புரட்டினேன். நவம்பரில் அவர்கள் வீடு பூட்டித்தான் கிடந்திருக்கிறது. மகளுடைய பிரசவத்துக்காக லூர்தம்மாள் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

இடம்பெயர்ந்தவர் என்று நீக்கியிருக்கிறது என்றேன். யார் நீக்கியது என்று லூர்தம்மாள் கேட்டாள். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பையன் போனில் தேடி, நீக்கப்பட்டவர்கள் பட்டியலை எடுத்துக் காட்டினான். பூத் அலுவலர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அண்ணன் அதை நிதானமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ வீட்டுக்கு வந்தியா மக்கா?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. நான் வந்த நேரத்தில் அவர்தான் வீட்டில் இல்லாமல் போனாரோ என்ற சந்தேகத்தில் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் திரும்பிப் போனார்கள். அன்று மாலைக்குள் கடற்புறத்திலிருந்து இன்னும் பதினாறு பேர் வந்து திரும்பினார்கள். மற்றவர்கள் கேள்விப்பட்டு வராமலே இருந்துவிட்டார்கள்.

எங்கள் பூத்தில் யாருக்கு எத்தனை விழுந்தது என்று நான் இன்றுவரை பார்க்கவில்லை. அந்த நாற்பத்தொரு பேர் யாருக்குப் போட்டிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. அபிலாஷுக்குத் தெரியும் போலிருக்கிறது.

மறுவாரம் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு கடற்புறத் தெருவில் வீடு வீடாக ஏறினேன். நான்கு நாள் ஆனது. நாற்பத்தொரு பேரில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள். ஒன்பது பேர் உண்மையாகவே கேரளத்துக்குக் குடிபோயிருக்கிறார்கள். மீதி இருபத்தொன்பது பேரும் இங்கேதான் இருக்கிறார்கள். நீங்கள் அப்போது எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தீர்கள், கடற்புறத்தார் ஆளுக்கு இரண்டு ஓட்டு வைத்திருக்கிறார்கள் என்று. அந்தக் குரல் யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமா அத்தான்? எனக்கும் தெரியாது. அதைக் கேட்டுக்கொண்டே அந்தத் தெருவில் நடந்தேன். என் முன்னால் வலை பின்னிக்கொண்டும் பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டும் இருந்தவர்களுக்கும் அந்தப் பேச்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்றோடு குழுக்களிலிருந்து விலகிவிட்டேன். உங்கள்மேல் கோபத்தில் விலகவில்லை. ஒன்றைச் செய்யும்போது அதை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. அந்தச் சத்தத்துக்குள் இருந்துகொண்டு எனக்கு அது முடியவில்லை.

ஆன்ட்ரூஸ் அண்ணன் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். லீவை நீட்டி ஊரில் நின்றுவிட்டவர், அன்றுதான் கொச்சிக்குத் திரும்பப் பை கட்டிக்கொண்டிருந்தார். சுவரில் அவர்கள் மகன் ஆன்றோவின் படம். ஒக்கிப் புயலில் போன பையன், உடல் கிடைக்காதவன். அவனைக் காணாமல் போனவர்கள் பட்டியலில் சேர்க்க அவர் எந்தெந்த ஆபீஸ் ஏறினார் என்று ஊருக்கே தெரியும். நான் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லிப் பெயர் சேர்க்கும் படிவத்தை நீட்டினேன். லூர்தம்மாள் உள்ளே போய்விட்டாள். அண்ணன் படிவத்தைத் தொடவில்லை.

"எனக்க மவனுக்க பேரைச் சேக்க எட்டு மாசம் நடந்தேன் மக்கா. எனக்க பேருக்கும் நடக்கணும்னு தெரியாமப் போச்சு" என்றார்.

பிறகு குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நான் குடித்துவிட்டு வந்தேன்.

இருபத்திரண்டு பேரிடம் படிவம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஐந்து பேர் கடலிலிருந்து வந்தபின் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணனும் லூர்தம்மாளும் தரவில்லை. லூர்தம்மாள் இப்போது நம் வீட்டைத் தாண்டித்தான் போகிறாள். நம் வாசல் வரும்போது கூவுவதை நிறுத்திவிடுகிறாள். மாமி தினமும் கதவுவரை போய்ப் பார்க்கிறார்கள். அவள் ஏன் வருவதில்லை என்று என்னிடம் கேட்டார்கள், முழுதும் சொன்னேன். மாமி உள்ளே போய்ப் படுத்துவிட்டார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதி மேலதிகாரிகளுக்கு அனுப்பினேன். பட்டியல் எப்படி வந்தது, நான் போகாமலே போனதாக எழுதியது, எல்லாம். அதிலிருந்து என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 26-ஆம் தேதி விசாரணை. ஆனந்தகிருஷ்ணன் சார் வீட்டுக்கே வந்து பேசினார். வேலைப்பளுவில் நேர்ந்த கைப்பிழை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் ஜூனிலேயே சேர்ந்துவிடலாம் என்கிறார். அபிலாஷ் வரவில்லை. அவன் பெண்சாதி என்னை ரேஷன் கடையில் பார்த்து முகத்தைத் திருப்பினாள். நம் தெருவிலேயே சிலர் நான் கடற்புறத்தாரிடம் விலைபோய்விட்டதாகப் பேசுகிறார்கள். கடற்புறத்திலோ என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். போன வருடம் மாமியின் கண் ஆபரேஷனுக்கு இந்த இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து ஒரே வண்டியில் வந்தார்கள். ஆறு மாதத்தில் இப்படி ஆகிவிட்டது. அதில் என் கையும் இருக்கிறது.

கைப்பிழை என்று எழுதத்தான் நீங்களும் சொன்னீர்கள். நானும் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அஞ்சுவின் படிப்பு, அபிலாஷோடு உங்கள் கூட்டு, எல்லாம் யோசித்தேன். கைப்பிழை ஒரு பெயரில் வரும், இரண்டு பெயரில் வரும். நாற்பத்தொரு தடவை வராது அத்தான். அந்த வரியை என்னால் எழுத முடியாது.

நவம்பரில் நீங்கள் போனில் சொன்னதை விசாரணையில் சொல்ல மாட்டேன். நீங்கள் தூரத்தில் இருந்தீர்கள், பார்க்காமல் சொன்னீர்கள். நான் பக்கத்தில் இருந்துகொண்டே பார்க்கவில்லை. ஒப்பு போட்டது என் கை. அதனால் நீங்கள் அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

வெயிலில் தலையில் துணி கட்டாமல் நிற்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அய்யா உங்களை எந்தக் குறையும் அண்டாமல் காத்துக்கொள்ளட்டும்.

26-ஆம் தேதி பத்து மணிக்கு என்னைக் கூப்பிடுவார்கள். அங்கே எட்டரை ஆகியிருக்கும், வேலை தொடங்கியிருப்பீர்கள். அந்த நேரம் ஒரு நிமிடம் கையிலிருப்பதை வைத்துவிட்டு என்னை நினைத்துக்கொள்ளுங்கள். நான் செய்வது தப்பு என்று உங்களுக்குத் தோன்றினாலும், அந்த ஒரு நிமிடம் மட்டும் என் பக்கத்தில் நில்லுங்கள்.

என்றும் உங்கள்,
தன்யா