முத்துலட்சுமியை மறுபடி ஊதச் சொன்னேன்

13.7.93, செவ்வாய்

காலையில் சாரல். ஆடி பிறக்கும் முன்பே காற்று. பஸ் ஸ்டாண்டில் குடை மடங்கித் திரும்பிக்கொண்டது, நாலு பேர் சிரிப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபத்தில் பயிற்சி, இரண்டாம் வாரம். நெஞ்சு நோய் வைத்தியத்திலும் ஆராய்ச்சியிலும் இருக்கும் பெண்கள் தலைமைக்கு வரப் பழக வேண்டுமாம். டாக்டர்கள், நர்ஸ்கள், லேப் பெண்கள். ஆளுக்கொரு ஆய்வு. கடைசி நாள் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். என்னுடையது, ராஜபாளையம் பேண்டேஜ் துணி மில்லில் பஞ்சுத் தூசியில் வேலை பார்க்கும் பெண்களின் மூச்சு.

மூச்சை அளக்கும் மெஷினின் குழாயில் ஒரே மூச்சாக, வேகமாக ஊதினால் முள் நகரும். அவர்களுக்குப் புரியட்டும் என்று "அடுப்பு ஊதுற மாதிரி ஊதுங்க" என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். இன்று வகுப்பில் அதைச் சொன்னதும் மெட்ராஸிலிருந்து வந்த பயிற்சியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அவங்க பாஷையில பேசுறீங்க பாருங்க, இதுதான் தலைமை." கைதட்டல். வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

மதியம் எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறந்து மாற்றி மாற்றிச் சாப்பிட்டார்கள். என்னிடம் ஓட்டல் பொட்டலம். அதில் யாருக்கு என்ன கொடுப்பது.

15.7, வியாழன்

வாங்க: சோப்பு, ரீஃபில், கொசுவத்தி.

கிளினிக்குக்கு முத்துலட்சுமி வந்தாள். மில்லில் நூல் சுற்றுகிறவள், அன்றைக்கு ஊதியவர்களில் ஒருத்தி. "ஊதுனதுல கம்மியா வந்தவுகள எல்லாம் இனி வராதீகன்னுட்டாக. எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. இடுப்புல ஒண்ணு, தலையில ஒண்ணுன்னு ரெண்டு கொடம் தண்ணி தூக்குதேன்."

ஆய்வு முடியும் முன்பே எங்கள் பெரிய டாக்டர் மேனேஜரிடம் ரிசல்ட்டைச் சொல்லியிருக்கிறார். போய்க் கேட்டேன். "நல்லதுதானம்மா, தூசியில இருந்து தப்பிச்சாங்க." சம்பளத்திலிருந்தும் தப்பித்தார்கள் என்று வாய் வரை வந்தது.

18.7, ஞாயிறு

சிலிண்டர் தீர்ந்துபோச்சு. ஓட்டலும் லீவு. பக்கத்து வீட்டில் கேட்கலாம்தான். காசநோய் பார்க்கிற டாக்டர் என்று என் வீட்டில் அவர்கள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கேட்க மனசு வரவில்லை.

கொல்லையில் மூன்று செங்கல், சுள்ளி, முன்பு குடியிருந்தவர்கள் போட்டுவிட்டுப் போன ஊதுகுழல். பத்து வயதிலிருந்து எனக்கு ஹாஸ்டல். அடுப்பு முன்னால் உட்கார்ந்ததே இல்லை.

மில் பெண்கள் எந்த வேகத்தில் ஊத வேண்டும் என்று நினைத்தேனோ அந்த வேகத்தில் ஊதினேன். சாம்பல் அத்தனையும் முகத்தில், அரிசியில். தீ போச்சு. மெதுவாக, நீளமாக ஊதிப் பார்த்தேன். பற்றிக்கொண்டது.

அடுப்பை எவளும் வேகமாக ஊத மாட்டாள். நான் சொன்னபடியே, ஒழுங்காக, மெதுவாக ஊதியிருக்கிறார்கள். அவர்கள் மூச்சில் குறை என்று எழுதிவைத்தேன். என் பேச்சால் அவர்களுக்கு வேலை போச்சு.

சோறு குழைந்துவிட்டது. நடந்ததைச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் இருந்தால் தேவலை. புகை அடங்கின பிறகும் அழுதேன்.

20.7, செவ்வாய்

கடைசி நாள். தேர் நெருங்குகிறது, ஸ்ரீவி. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை.

பெரிய டாக்டர் முன்வரிசையில். எழுதிக் கொண்டுபோனதை வாசிக்கவில்லை. ஊதச் சொல்லிக்கொடுத்த விதமே தப்பு, எல்லாரையும் மறுபடி ஊதச் சொல்ல வேண்டும், அதுவரை யாரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்றேன். கைதட்டல் இல்லை.

பெ.டா. பிறகு: "இத எங்கிட்ட தனியா சொல்லிருக்கலாம்ல?" தனியாகச் சொல்லியிருந்தால் அந்த அறையோடு முடிந்திருக்கும். பயிற்சியம்மா மட்டும் தோளைத் தொட்டார். சாப்பாட்டில் என் இரண்டு பக்கமும் நாற்காலி காலி. தலைமை என்றால் இதுதான் போல. குரூப் போட்டோவில் ஓரம்.

23.7, வெள்ளி

மில்லுக்கு இரண்டு நடை. மேனேஜர் கடைசியில் இறங்கி வந்தார். திங்கள் மறுபடி ஊதலாம், சரியாக வந்தவர்கள் வேலைக்குத் திரும்பலாம். சிலிண்டர் வந்தது.

26.7, திங்கள்

பெ.டா. வரவில்லை, வண்டியும் அனுப்பவில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்.

இந்தத் தடவை சொன்னது: "பிடிக்காதவுக மூஞ்சியில பட்டுன்னு ஊதுங்க." ஒருத்தி, "மேனேஜர் மூஞ்சியா நெனச்சுக்கிடவா?" ஒரே சிரிப்பு. முள் எகிறியது. ஒவ்வொருத்தியாக ஊதிவிட்டு உள்ளே ஓடினார்கள். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு சந்தோஷம்.

முத்துலட்சுமி கடைசி. முள் பழைய இடத்திலேயே. இருமல்.

"இன்னொருக்க ஊதுதேன்." அதே.

"செத்த பொறுங்க, தண்ணி குடிச்சிட்டு வாரேன்." அதே.

ஸ்டெத் வைத்தேன். நெஞ்சுக்குள் விசில் சத்தம். இவளுக்கு மட்டும் குறை நிஜம்.

"எழுதாதீக டாக்டரம்மா. அம்புட்டு பேரையும் நீங்கதான உள்ள விட வச்சீக. இத மட்டும் எழுதாதீக."

எழுதினேன். தூசி இல்லாத மடிப்புப் பிரிவுக்கு, அதே சம்பளத்தில் அவளை மாற்றச் சொல்லி மேனேஜர் முன்னால் நின்றேன். "பாப்போம்" என்றார். பார்த்துச் சொல்லும் வரை போக மாட்டேன் என்றேன். நாளைக்கு வரச் சொன்னார்.

வெளியே வந்தால், உட்காரச் சொன்ன பெஞ்சில் அவள் இல்லை.

வாட்ச்மேன்: "அந்தப் பொம்பள ஒங்கள வைஞ்சுக்கிட்டே போகுதும்மா."

எந்தப் பக்கம் போனாள் என்று கேட்டேன்.