கைத்தடிக்கு ஒரு ரப்பர்

பாய், என் எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே இறங்குகிறது. மாலை வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. இந்த வயதில் ‘பாய்’ என்று நானே எழுதி, நானே படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த பூக்காரம்மா, “இன்னா பெர்சு, லவ் லெட்டரா?” என்றாள்.

தப்பை அழிக்க இன்று புது ரப்பர் வாங்கினேன். உறையைப் பிரித்ததும் உன் பையின் வாசனை வந்தது. கைத்தடியின் அடியில் மாட்டும் கறுப்பு ரப்பர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு நடப்பாயே, அந்தப் பை. அப்போதிருந்து எனக்கு உட்கார முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து வாசல்வரை போகிறேன், திரும்பி வருகிறேன்.

அந்தக் காலத்தில் நாம் இருவரும் தி. நகரில் மொத்தக் கடையில் சாமான் எடுத்து, கமிஷனுக்கு வீடு வீடாக விற்றோம். எல்லோரும் ஒட்டாத தோசைக்கல்லையும் கொசு விரட்டும் மெஷினையும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நீ முதலில் வெறுங்கையோடு, விற்கப்போகும் தெருவில் ஒரு நாள் நடப்பாய். எந்த வாசலில் கைத்தடி சாய்ந்திருக்கிறது, எந்த வீட்டில் வயதானவர் ஊசியில் நூல் கோர்க்கத் திணறுகிறார் என்று பார்ப்பாய். பிறகு கடையின் மூலையில் தூசி படிந்து கிடப்பதைக் கேட்டு வாங்குவாய். “யாருக்கும் வேணாங்கிறதுதான் பாய்க்கு வேணும்” என்று கடைக்காரர் கிண்டல் செய்வார்.

எனக்கும் சலிப்புதான். “ரப்பரை வித்து எப்போ பாய் முன்னேர்றது?” என்பேன்.

“தெருவுல நாலு பேர் தோசைக்கல்லு தூக்கினு போறான். அஞ்சாவதா நீ போனா எந்த மாமி கதவைத் தெறப்பா நைனா?” என்பாய்.

மயிலாப்பூர் சந்தில் இருந்த மிருதங்க வித்வானை நீ மறந்திருக்க மாட்டாய். அவருடைய தடி பருமன். அதற்கேற்ற ரப்பர் எங்கும் கிடைக்காமல் உன்னிடம் சொல்லிவைத்திருந்தார். நீ தேடிப் பிடித்தாய், அந்த வாரமே காய்ச்சலில் படுத்தாய். “வெள்ளிக்கெயமைக்குள்ள குட்த்துடு நைனா. பழசு தேஞ்சு வழுக்குது” என்று என் கையில் கொடுத்தாய்.

தீபாவளி நேரம். உனக்குத் தெரியாமல் நான் பை நிறையத் தோசைக்கல் எடுத்திருந்தேன். ரப்பர் அடியில் போய்விட்டது. அந்தச் சந்து முனையை இரண்டு முறை கடந்தேன். ஒரு ரப்பர்தானே, நாளைக்குக் கொடுக்கலாம் என்று போய்விட்டேன். சனிக்கிழமை காலையில், துடைத்து ஈரம் காயாத தரையில் தடி வழுக்கி அவர் விழுந்தார்.

நீ எழுந்து நடமாடியதும் இருவரும் போனோம். அவருடைய வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. “வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வரேன்னு சொன்னேளே பாய்?” என்று அவர் மனைவி, மாமி, கேட்டார். அழவில்லை, கேட்டார், அவ்வளவுதான். நீ ஒரு முறை என்னைப் பார்த்தாய்.

“என் தப்புதான்மா. ஜொரத்துல மறந்துட்டேன்.”

நான் வாயைத் திறக்கவில்லை. நீ என்னைத் திட்டவும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னாய்: “தோசைக்கல்லு கேக்கறவங்களுக்கு நூறு கடை கீது. நம்மகிட்ட கேக்கறவங்களுக்கு நம்மள வுட்டா யாரும் இல்ல நைனா.”

அன்றைக்கே தோசைக்கல்லைத் திருப்பிக் கொடுத்தேன். இன்றும் அடையாறு பக்கம் புதுத் தெருவுக்குப் போனால் முதல் நாள் வெறுங்கையோடுதான் நடக்கிறேன். உன் வழக்கம் என் காலோடு வந்துவிட்டது. ஆனால் போன மாதம், நீ இறந்துபோன செய்தியைச் சொல்ல வித்வான் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் கை பழையபடி ஆகவே இல்லை. பாடம் மட்டும் வாயால் சொல்லிக்கொடுக்கிறார். “தங்கமான மனுஷர். அந்த ஒரு தடவைதான் மறந்துட்டார்” என்றார்.

அப்போதும் நான் தலையாட்டிவிட்டு வந்தேன் பாய்.

நீ எதையும் மறந்தவன் இல்லை. அதை அவரிடம் சொல்லவேண்டியவன் நான் ஒருவன்தான். வாயால் சொல்லப் போனால் மாமி காப்பி கொண்டு வருவார், பேச்சு வேறு பக்கம் போய்விடும், நானும் அதைச் சாக்காக வைத்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதிவிட்டேன். வியாழக்கிழமை இந்தக் காகிதத்தை அவர் முன்னால் பிரித்து, எழுத்துக்கூட்டியாவது கடைசி வரி வரை படித்துவிடுவேன்.

அவர் என்ன சொன்னார் என்று அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன். இனிமேல் இந்த வாசல் ஏறாதே என்று சொன்னால், அதையும் அப்படியே எழுதுவேன்.