எதிர் வரப்பில் ஓர் ஆள்

சங்கரன்கோவில்
ஆவணி 12

அன்பு மகன் இசக்கிராஜாவுக்கு அப்பா எழுதுவது. முழங்கால் நீங்கலாக நான் நல்ல சுகம். மஸ்கட்டில் நீயும் நிர்மலாவும் பாப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கோமதியம்மனைக் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். போன் இருக்கையில் எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் நான் ஏதாவது முக்கியமாக ஆரம்பித்தால் நீ உடனே கேமராவைப் பாப்பா பக்கம் திருப்பிவிடுகிறாய், அவள் தாத்தா என்றதும் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. கடிதத்தில் அந்த வேலை நடக்காது. கடையநல்லூர் ரிபாயி லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவனிடம் எலுமிச்சை ஊறுகாயோடு சேர்த்து இதையும் கொடுத்துவிடுகிறேன்.

ஆடித்தபசுக்கு இந்த வருஷமும் நல்ல கூட்டம். நம் காட்டில் விளைந்த மக்காச்சோளத்தில் ஒரு கை எடுத்துப்போய் அம்மன் சப்பரத்தில் நேர்ச்சையாக வீசினேன். உன் அம்மா இருந்தவரை அவள்தான் வீசுவாள், எனக்கு எறிந்து பழக்கமில்லை, பாதி முன்னால் நின்ற ஒரு பொம்பளை தலையில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்து, ஏன் அண்ணாச்சி, நேர்ச்சை எனக்கும் சேத்தா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு யாரோடும் பேசிச் சிரித்தது அது ஒன்றுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். மருந்தடிக்கிற ட்ரோன் ஒன்று வாங்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று நீ சொன்னது உன் அம்மா காரியம் முடிந்த அன்று. சோளம் ஆள் உயரம் வளர்ந்துவிட்டால் படைப்புழுவுக்கு மருந்தடிக்க உள்ளே போக ஆள் கிடைப்பதில்லை, ட்ரோன் இருந்தால் சுற்றுவட்டாரம் முழுக்க நமக்கு வேலை என்று நீதான் சொன்னாய். நானும் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளாமைக்கும் ஒரு சட்டம் குறுக்கே வந்தது. இங்கே நல்லதாகப் பார்த்தேன், வெளிநாட்டு ட்ரோனை உள்ளே விடமாட்டார்களாம் என்றாய். நம் ஊரிலேயே வாங்கலாமே என்றேன், அரசாங்கச் சான்று பெற்ற மாடல் வரட்டும் என்றாய். வந்தது. ஓட்டுவதற்கு லைசென்ஸ் வேண்டும், பயிற்சிக்கு லீவு இல்லை என்றாய். வரி குறையட்டும் என்றாய், அதுவும் குறைந்தது. இப்போது புதுச் சட்டம் வரப்போகிறதாம், வந்தபின் வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்கிறாய். நீ சொன்னது எதுவும் பொய்யில்லை, பேப்பரில் நானும் பார்த்தேன். ஆனால் மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்த நாளிலிருந்து மாறாத விதி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை, அதற்காகக் கம்பத்தில் ஏறாமலா இருந்தோம்.

முன்னெல்லாம் பக்கத்துக் காட்டுச் சுடலைமணி என்னைக் கண்டால் போதும், என்ன வே, ஒம்ம மகன் எப்ப வாரான், புழு எல்லாத்தையும் தின்னு முடிச்ச பெறவா என்று வம்புக்கு இழுப்பான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். போன வெள்ளாமைக்கு அவன் ராஜபாளையத்திலிருந்து வாடகைக்கு ஒரு ட்ரோனை வரவழைத்து அடித்துவிட்டான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது உன்னைப் பற்றிக் கேட்பதே இல்லை, மழையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பேசுகிறான். ஊரில் யாருமே கேட்பதில்லை ராஜா. கேட்டபோது வந்த கோபத்தைவிட இது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

அதனால் உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். மதுரைக்குப் போய் ட்ரோன் ஓட்டும் பயிற்சியை முடித்துவிட்டு வந்தேன். பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், அறுபத்தைந்து தாண்டக்கூடாது என்றார்கள், எனக்கு இன்னும் மூன்று வருஷம் மிச்சம் இருக்கிறது. கூட இருந்ததெல்லாம் உன்னைவிடச் சின்னப் பையன்கள், முதல் நாள் என்னை ஆபீசர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். கிளப்பும் முன் அந்த இடத்தில் பறக்க அனுமதி உண்டா என்று பார்ப்பது மட்டும் எனக்கு லேசாக வந்தது, சப்ஸ்டேஷனைக் கேட்காமல் ஒருநாளும் கம்பத்தைத் தொட்டவன் இல்லையே. ஆனால் முதல் தடவை ட்ரோன் மின்கம்பி பக்கம் போனபோது, ரிமோட் என் கழுத்தில் தொங்குவதே மறந்துபோய்விட்டது. ஹெல்பரைப் பார்த்துக் கத்துவது மாதிரி இரண்டு கையையும் தூக்கி, ஏலே, லைன்ல சப்ளை இருக்குலே, எறங்குலே என்று கத்திவிட்டேன். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ட்ரோன் விழவில்லை. கையை எடுத்துவிட்டால் அது நின்ற இடத்திலேயே நிற்குமாம், போகவும் செய்யாது, திரும்பி வரவும் செய்யாது. அதைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது.

சான்றிதழ் என் பெயரில் வந்துவிட்டது. தென்காசியில் ட்ரோன் விற்கிற கடைக்காரர் நம் காட்டுக்கே ஒன்றைக் கொண்டுவந்து என்னை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மேலே போனதும் திரையில் நம் வீட்டு மொட்டைமாடி தெரிந்தது. அவ்வளவு நீளக் கொடியில் ஒரு வேட்டி, ஒரு துண்டு. தினமும் நான் காயப்போடுவதுதான், மேலேயிருந்து இப்போதுதான் பார்த்தேன். கடைக்காரர் கேமரா தெளிவாக இருக்கிறதா என்று கேட்டார். ரொம்பத் தெளிவாக இருக்கிறது என்றேன்.

பாப்பாவை அங்கே பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதாகப் போன வாரம் நிர்மலா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. பிள்ளை படிப்பு நியாயமான காரணம், அதை என்னிடம் சொல்வதற்கு என்ன, நான் உன் அப்பன்தானே, விமானத்துறை அதிகாரியா. சட்டத்தின்மேல் பழியைப் போட்டு என்னை வெள்ளாமைக்கு வெள்ளாமை காத்திருக்க வைக்காதே மக்கா. நீ வரமாட்டாய் என்றால் ஒருநாள் அழுவேன், மறுநாள் சோறு பொங்கிச் சாப்பிடுவேன். வருவாய் வருவாய் என்று இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

ட்ரோனை வாங்கத்தான் போகிறேன். சட்டம் மாறினால் மாறட்டும், மாறினபடி நடந்துகொள்ளலாம். ஒன்றுதான் தனி ஆளால் ஆகாது. மருந்தடிக்கையில் ரிமோட் பிடிப்பவன் ஒரு வரப்பில் நின்றால், எதிர் வரப்பில் இன்னோர் ஆள் நின்று காடு முடிகிற இடத்தில் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், வளர்ந்த சோளத்துக்கு அப்பால் எனக்குத் தெரியாது. காட்டு வேலைக்கு வருகிற தங்கப்பழம், நான் நிக்கேன் அண்ணாச்சி என்கிறாள். பார்ப்போம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வெயிலில் தொப்பி இல்லாமல் வேலைக்குப் போகாதே. ஊறுகாயில் ஈரக் கரண்டி போட வேண்டாம் என்று நிர்மலாவிடம் சொல். மூன்று பேரும் நிறைந்த ஆயுசோடு ஒற்றுமையாக இருங்கள், பாப்பாவுக்குத் தாத்தாவின் முத்தம். கார்த்திகையில் சோளம் ஆள் உயரம் வந்துவிடும், அதற்குள் வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ ஒரு வரி உன் கையால் எழுதி அனுப்பு. தங்கப்பழத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
மூக்காண்டி