மூன்றாவது பாட்டு

லெப்பைக்குடிக்காடு,
12.10.1999

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

ஹஃபீசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மாமியும் உங்கள் தங்கச்சி மர்ஜியாவும் அல்லாஹ் காவலில் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இவளுக்கு எப்படித் தெரியும் என்று திக்கென்று இருக்குமே. எனக்கு மட்டுமா, வெள்ளாற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பதறாமல் படியுங்கள்.

துபாயிலிருந்து நீங்கள் கொடுத்தனுப்பிய பாட்டு கேசட்டை லீவில் வந்த ஜாவித் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தான். தனியாக இருக்கும்போது கேட்கச் சொன்னீர்களாம். நல்ல ஆள் நீங்கள்! டேப் ரிக்கார்டர் இருப்பது கூடத்தில். அதற்கு எதிரே உட்கார்ந்திருப்பது உங்கள் அம்மா. சினிமாப் பாட்டு என்றாலே காதைப் பொத்திக்கொள்கிறவர். நான் எங்கே போய்த் தனியாகக் கேட்பது? மாமி எங்காவது வெளியூர் போகட்டும் என்று பீரோவில் வைத்திருந்தேன்.

அந்தப் பாட்டெல்லாம் வருகிற படம் பெரம்பலூருக்கு அப்போதுதான் வந்திருந்தது. பாட்டு கேசட் எந்தக் கடையிலும் இல்லை. தெற்குத் தெரு ஜானகி வீட்டில் அவள் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. நம் மர்ஜியா, எங்க வூட்டுல இருக்கே என்று பெருமையடித்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சிநேகிதிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாள். மைக் செட் அரியமுத்து அண்ணன் அதைப் போட்டுவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

முதல் பாட்டு ஓடியது. அடுத்தது, படகுத் துறையில் அந்தப் பெண் காத்திருக்கிற பாட்டு. அதுவும் முடிந்தது. மூன்றாவது பாட்டை அழித்துவிட்டு நீங்கள் அதில் பேசியிருப்பீர்கள் என்று யார் கண்டது? நான் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் குரல் ஹஃபீசா என்று கூப்பிட்டதும், நீங்கள்தான் தெருவில் வந்துவிட்டீர்கள் என்று ஈரத் துணியோடு வாசலுக்கு ஓடினேன். தெருவில் யாரும் இல்லை. மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்தான் பேசிக்கொண்டிருந்தது.

கடை வேலை போய் ரொம்ப நாளாகிவிட்டது, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறேன், முழங்கால் வீங்கித் தொழுகையில் மண்டி போட முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறேன் என்றீர்கள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றீர்கள். அதையும் மாமி மீன் ஆய்ந்துகொண்டே கேட்டார். கடைசியாக, "மர்ஜியா நிக்காஹ் முடியற வரைக்கும் இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வரேன். அந்தப் படத்துல வர்ற புள்ள மாதிரி நீ பொறுத்துக்குவியா, ஹஃபீசா?" என்று கேட்டீர்கள். சொல்லும்போதே அழுதுவிட்டீர்கள். அரியமுத்து அண்ணன் எச்சில் கையோடு ஓடிவந்து நிறுத்தினார்.

அன்றைக்கு மானமே போயிற்று என்று நான் அழுத அழுகை அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். மர்ஜியாவோடு பேசவே இல்லை. இப்போது தண்ணீர் பிடிக்கப் போனால், என்னடி பதில் சொல்லப் போறே என்று பெண்கள் கேட்கிறார்கள். கேலிதான். ஆனால் கேட்டுவிட்டு அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். பாதிப் பேர் வீட்டு ஆம்பளைகளும் அங்கேதானே இருக்கிறார்கள்.

மாமிதான் இரண்டு நாள் வாசல் பக்கமே வரவில்லை. மகன் துபாயில் மேனேஜர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவர் இல்லையா? அப்புறம் ஒரு மத்தியானம் டேப் ரிக்கார்டரைத் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவருக்கு டேப்பை முன்னால் ஓட்டத் தெரியாது. உங்கள் குரல் வருவதற்காக அந்த இரண்டு காதல் பாட்டையும் முழுசாகக் கேட்கிறார், தினமும். நேற்று வெங்காயம் உரித்துக்கொண்டே படகுத் துறைப் பாட்டை முணுமுணுத்தார். மர்ஜியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எழுந்து போய்விட்டேன்.

போன வெள்ளிக்கிழமை, மர்ஜியாவைப் பேசி வைத்திருக்கிற வீட்டுக்கு மாமி தானே போனார். என் மகன் மேனேஜர் இல்லை, மூட்டை தூக்குகிறான், அவனை வரச் சொல்லப் போகிறேன், நிக்காஹ் எளிமையாகத்தான் நடக்கும், யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர்கள் இன்னும் பதில் அனுப்பவில்லை. அனுப்புவார்களோ என்னவோ. வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னார்: "மாப்பிள்ள வேற பாத்துக்கலாம். மவன எங்க போயிப் பாக்கறது? எழுதிப் போடு, வந்துரச் சொல்லு." மர்ஜியாவும் அதையேதான் சொல்கிறாள்.

அந்தப் படத்துப் பெண்ணை உதாரணம் காட்டினீர்களே, அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஜானகி படம் பார்த்துவிட்டுக் கதை சொன்னாள். அவள் காத்திருப்பது ஒரே ஒரு பாட்டுக்குத்தான். அது முடிவதற்குள் நாலு சேலை மாற்றிவிடுகிறாள், ஒரு மழையும் பெய்துவிடுகிறது, அவன் படகிலிருந்து இறங்கிவிடுகிறான். எனக்கு நீங்கள் அனுப்பிய பெருநாள் சேலைகள் மடிப்புக்கூடக் கலையாமல் கிடக்கின்றன. யாருக்குக் காட்ட உடுத்துவது?

ஊரறியக் கேட்டீர்கள். நான் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ள மாட்டேன், மச்சான். இரண்டு வருசம் இல்லை, இரண்டு மாதம்கூட முடியாது. ஊருக்கு மறைக்க இனி ஒன்றும் மிச்சம் இல்லை. வெட்கப்படாமல் வாருங்கள்.

உங்கள் கால் குணமாக ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆ செய்கிறேன். குணமாகாவிட்டாலும் பரவாயில்லை, நொண்டிக்கொண்டாவது வந்துவிடுங்கள்.

உங்கள்
ஹஃபீசா