சத்தியமங்கலம் என்று எழுதிய அட்டை

இன்று உங்கள் படத்தைத் திறந்தபோது இருந்தவர்கள்: தலைமையாசிரியை, உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புது டீச்சர், உங்கள் அம்மா, சத்துணவு ஆயா, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினேழு பேர், அப்புறம் நான். எதையும் எண்ணி நோட்டில் குறிக்கிற என் பழக்கத்தைக் கேலி செய்வீர்களே டீச்சர், இன்றைக்கும் குறித்துக்கொண்டேன். பதினேழில் ஒருத்தி தர்ஷினி. அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பூப்போட்டுக் கும்பிட்டு முடிந்ததும் புது டீச்சர் அலமாரியிலிருந்து நம் பஸ் நாடகத்தின் அட்டைகளை எடுத்தார். நான் காய்ச்சி ஒட்டிய மைதாப் பசையின் வாசம் இன்னும் போகவில்லை. "டீச்சர் நினைவா இதையே மறுபடி போடலாமுங்க. கண்டக்டர் தர்ஷினிதான்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை.

படிக்கத் திணறும் பிள்ளைகளுக்காகவே போன வருஷம் அந்த நாடகத்தை எழுதினீர்கள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் பஸ். பிள்ளைகள் ஊர்ப்பெயர் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்குவார்கள். கண்டக்டர் அதைப் படித்துச் சொல்லி ஆளை இறக்கவேண்டும். வேஷத்துணி தைக்க வந்த என்னை ஒத்திகைக்கும் உட்காரச் சொன்னீர்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்: "நீங்க மட்டும் படிச்சுக் காட்டிறாதீங்கக்கா. தடுமாறட்டும். வேஷத்து மேல இருக்கற ஆசைல அதுகளே எழுத்துக் கூட்டிரும்."

நான் படித்துக் காட்டினேன் டீச்சர்.

ஒருநாள் ஒத்திகை முடிந்து குழாயடியில் தர்ஷினி அழுதுகொண்டு நின்றாள். "எனக்குப் படிக்க வராதுன்னு தெரிஞ்சா கண்டக்டரை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க அத்தே" என்றாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டும் கோயில் சுவரும் பார்த்து எழுத்துப் பழகியவள். மனசு இளகிவிட்டது. அது மட்டுமில்லை. பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்து நான் படிக்க, ஒரு பிள்ளை என் வாயையே பார்த்துக் கேட்டது எனக்கு இனித்தது. இரண்டே வாரத்தில் அத்தனை ஊரையும் வரிசை மாறாமல் மனப்பாடம் செய்துவிட்டாள்.

ஆண்டு விழாவில், துடியலூருக்கு அடுத்து அவிநாசி வரவேண்டும். எந்த பஸ்ஸும் போகாத வழி, நம் பஸ் போகும். பதற்றத்தில் ஒரு பிள்ளை சத்தியமங்கலம் அட்டையைத் தூக்கிவிட்டது. தர்ஷினி விசில் ஊதி, "அவிநாசி எறங்குங்க!" என்றாள்.

பஸ்ஸில் உட்கார்ந்திருந்த பையன் எழுந்தான். "ஏனுங்க கண்டக்டர், போர்டுல சத்தியமங்கலம்னு இருக்குதுங்களே?"

"பெயிண்டர் தப்பா எழுதிப்போட்டானுங்க. எறங்குங்க, எறங்குங்க!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நீங்கள் என் தோளில் அடித்தீர்கள். "பாத்தீங்ளாக்கா? படிச்சுப்போட்டு வேணும்னே மாத்திச் சொல்றா! இனி இவளைப் பத்திக் கவலையே இல்லீங்க." நானும் சிரித்தேன். மறுநாள், சாயங்காலம் தனியாக எழுத்துக் கூட்டவைக்கும் பிள்ளைகளின் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்தீர்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே இருந்துவிட்டேன். கோடை விடுமுறையில் ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை.

இன்று சாயங்காலம் தர்ஷினி ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தாள். "புது டீச்சர் ஊரையெல்லாம் மாத்திப்போட்டாங்க அத்தே. நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

பசை விட்டுப்போன அட்டைகளை ஒட்டுவதற்காக எடுத்து வந்திருந்தேன். சத்தியமங்கலத்தை எடுத்து நீட்டினேன். "மொதல்ல இதைப் படி கண்ணு."

அவள் அட்டையைப் பார்க்கவில்லை. என் உதட்டைப் பார்த்தாள். நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

"அவிநாசிதானுங்களே அத்தே?"

நான் அட்டையை நீட்டியபடியே இருந்தேன். "கோவமுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வருஷம் அவள் பெரிய பள்ளிக்கூடம் போகவேண்டும். மாரியம்மன் கோயிலில் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் போட்டு, உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று சாமியிடம் பூவாக்குக் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் நடந்ததெல்லாம் சாமிக்குத் தெரியும். தெரியாமல் போனது உங்களுக்குத்தான்.

திங்கட்கிழமை புது டீச்சரைப் பார்த்து, நான் செய்ததைச் சொல்லி, அவள் பெயரை மறுபடி அந்தப் பட்டியலில் எழுதச் சொல்லப்போகிறேன். வேஷத்தை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிடுவேன். அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருந்தால், நீங்கள் அதைப் பிடுங்கியிருப்பீர்களா? அது எனக்குத் தெரியவேண்டும். சீக்கிரம் பதில் சொல்லுங்கள் டீச்சர்.