லா பலிசாடாவுக்கு வராத லா பலிசாடா பேருந்து

அனுப்புநர்
மாரிசெல் க்ருவேசோ அங்குலோ,
கட்டுமானப் பொறியியல் பட்டதாரி,
வீடு எண் 41, மூன்றாம் பலகைப்பாதை,
லா பலிசாடா குடியிருப்பு,
புவெர்த்தோ சல்தானா, கொலம்பியா.

பெறுநர்
உயர்திரு ஹைமே வில்யேகாஸ் அவர்கள்,
நகரப் போக்குவரத்துச் செயலாளர்,
நகராட்சி மாளிகை, புவெர்த்தோ சல்தானா.

பொருள்: ஏழாம் எண் பேருந்தைப் பாலம் கடந்து எங்கள் குடியிருப்பு வரை இயக்கவும், ஓட்டுநர் திரு. ஆர்னுல்போ காய்செடோவின் பணியிடை நீக்கத்தை ரத்து செய்யவும் வேண்டுதல்.

பார்வை: தங்கள் அலுவலக ஆணை, நாள் 11.03.2024.

மதிப்பிற்குரிய ஐயா,

நேரில் சொல்ல வேண்டியதை எழுத்தில் சொல்வதற்கு மன்னிக்க வேண்டுகிறேன். சென்ற புதன்கிழமை தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். வரிசையில் என் முறை வந்ததும் பின்னால் நின்றவருக்கு இடம் விட்டுத் திரும்பிவிட்டேன். எனக்குப் பேச வராது, பார்க்க வரும். பார்த்தவற்றை மட்டுமே கீழே எழுதுகிறேன்.

1. பாலத்துக்கு அப்பால், அலையாத்திச் சேற்றில் தூண் நட்டு அதன்மேல் கட்டிய வீடுகள்தான் லா பலிசாடா. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தப் பெயரை நகரத்தில் யாரும் உரக்கச் சொன்னதில்லை. நாங்களும் சொன்னதில்லை. வேலை விண்ணப்பம், பள்ளிப் பதிவேடு, மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றிலும் நகரத்துப் பக்கம் தெரிந்தவர் யாருடைய முகவரியையாவது கொடுப்பதே எங்கள் வழக்கம். என் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இருந்தது, என் தாயார் மட்டிச் சிப்பி விற்கும் தெருவில் உள்ள ரொட்டிக்கடையின் முகவரி. அனுமதிக் கடிதமும் அங்கேதான் வந்தது. ரொட்டிக்கார அம்மா மாவுக் கையோடு பிரித்துப் படித்துவிட்டு, “நீல்சா, உன் பொண்ணு என் வீட்டுல இருந்துல்ல இன்ஜினீயராகப் போறா” என்றார். என் தாயார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேருந்துகளிலும் “பாலம், பாலம்” என்றுதான் கூவுவார்கள். ஒருமுறை என் தாயார் குடியிருப்பின் பெயரைச் சொல்லிச் சீட்டுக் கேட்டார். நடத்துநர், “அங்க நண்டுதான் இறங்கும் அக்கா. மனுஷங்க இறங்கினா சொல்லி அனுப்புங்க” என்றார்.

2. இந்த நிலையை மாற்றியவர்கள் ‘லா பலிசாடாவின் எட்டுப் பேர்’ குழுவினர். முன்பாட்டுப் பாடும் எனெய்தா சினிஸ்தெரா மீன் பதனிடும் ஆலையில் செதில் உரிப்பவர். மரச்சட்ட வாத்தியமான மரிம்பாவை வாசிக்கும் பசிலியோ படகு பழுதுபார்ப்பவர். குழுவின் பெயரில் குடியிருப்பின் பெயர் வேண்டாம், மேடை கிடைக்காது என்று பலர் சொன்னார்கள். எனெய்தா அக்கா கேட்கவில்லை. “பொய் விலாசம் எழுதலாம். பொய்யா பாட முடியுமா?” என்றார்.

பொகோட்டாவில் அவர்களுக்கு முதல் பரிசு வாங்கித் தந்த பாட்டை நகரத்தில் அறியாதவர் இல்லை. மட்டிக்கூடையோடு பாலத்தில் ஓடிவரும் ஒரு பெண், பேருந்துக்காரரை நிற்கச் சொல்லும் பாட்டு அது. எனெய்தா அக்கா ஒரு வரி பாட, மற்றப் பெண்கள் “பொறு, பொறு, வந்துட்டேன்” என்று ஏற்றுப் பாடுவார்கள். இன்று கால்பந்து மைதானத்தில் நம் அணி பின்தங்கினால் ஒன்பதாயிரம் பேர் பாடுவதும் அந்த வரிதான். திருமணப் பந்தியில் சோறு தாமதமானாலும் அதே வரிதான். நம் நகரத்தின் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் முன்பெல்லாம் கடத்தலைப் பற்றிக் கேட்பார்கள். இப்போது இந்தப் பாட்டைப் பாடிக்காட்டச் சொல்கிறார்கள்.

டிசம்பரில் ஒரு வேலைக்கு நேர்காணலுக்குப் போயிருந்தேன். மேலாளர் என் விண்ணப்பத்தில் இருந்த ரொட்டிக்கடை முகவரியைப் பார்த்துவிட்டு, “அட, பாலத்துக்குப் பக்கத்துலயா? நானும் லா பலிசாடா பக்கந்தான்” என்றார். அவர் குடியிருப்பது மேட்டுத்தெருவில், நீச்சல்குளம் உள்ள அடுக்கக வீட்டில். அவர் எங்கள் பெயரைப் பெருமையோடு சொல்லிக்கொள்ள, நான் அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று எனக்கு வந்த வெட்கம் வேறு வகையானது.

3. 2023 ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை, எட்டுப் பேருக்கும் நகராட்சி வரவேற்பு அளித்தது. இரண்டு நகராட்சிப் பேருந்துகளும், தண்ணீர் நிரம்பிய தீயணைப்பு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாலத்தைக் கடந்து எங்கள் படகுத்துறைவரை வந்தன. முதல் பேருந்தின் முன்னிருக்கையில் தாங்கள் இருந்தீர்கள். இறங்கியதும் கோட்டைக் கழற்றிப் பசிலியோவின் தோளில் போட்டுவிட்டு ஆடினீர்கள். நன்றாகவே ஆடினீர்கள்; இதைக் குறையாக எழுதவில்லை.

அப்போது நான் பாலத்தின் கீழே சேற்றில் நின்றிருந்தேன். ஆடக் கூச்சம் என்பது ஒரு காரணம். மூன்றாம் தூணில் உள்ள பழைய விரிசல் மற்றொரு காரணம். என் இறுதியாண்டு ஆய்வுக்காக மே மாதத்தில் அதன் குறுக்கே ஜிப்சம் சாந்தில் ஒரு பட்டை பூசித் தேதி எழுதி வைத்திருந்தேன். விரிசல் மயிரிழை அகன்றாலும் பட்டை வெடித்துவிடும். மூன்று வண்டிகள் போய், மூன்று வண்டிகள் திரும்பின. பட்டை வெடிக்கவில்லை.

4. இந்த ஆண்டு ஜனவரியில் ஏழாம் எண் பேருந்து தொடங்கியது. நெற்றியில் ‘லா பலிசாடா’ என்ற பெயர், பக்கவாட்டில் எட்டுப் பேரின் முகங்கள், உள்ளே ஒலிபெருக்கியில் அவர்களுடைய பாட்டு. என் தாயார் அந்தப் பெயர்ப்பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். ஆனால் அந்தப் பேருந்து கடற்கரை விடுதிகளுக்கு எதிரில் உள்ள சதுக்கத்தில் நின்று, பாலத்துக்கு முன்பே திரும்பிவிடுகிறது. சுற்றுலாப் பயணிகள் இறங்கி லா பலிசாடா எங்கே என்று கேட்டால், இதுதான் என்று விடுதிக் காவலாளி சொல்கிறார். மட்டிக்கூடை சுமக்கும் பெண்கள் முன்போலவே பாலத்தை நடந்துதான் கடக்கிறார்கள். எட்டுப் பேரும் அப்படித்தான், மரிம்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு.

5. மார்ச் 8, வெள்ளிக்கிழமை மாலை, மெக்சிகோவில் பாடிவிட்டுத் திரும்பிய எட்டுப் பேரும் ஏழாம் எண் பேருந்தில் ஏறியிருக்கிறார்கள். பேருந்தில் இருந்த பதினான்கு பேர் கையெழுத்திட்டுச் சொன்னது இது. சதுக்கத்தில் கடைசி நிறுத்தம் என்று அறிவிக்கப்பட்டது. லா பலிசாடா வந்துவிட்டதா என்று வெளியூர்ப் பெண் ஒருவர் கேட்டார். “பலகையில வந்துடுச்சு அம்மா. நாமதான் இன்னும் வரல” என்றார் எனெய்தா அக்கா. ஒருவரும் இறங்கவில்லை. ஒலிபெருக்கியில் “பொறு, பொறு” வந்தபோது பின்னிருக்கையில் யாரோ சேர்ந்து பாட, பேருந்து முழுவதும் பாடியது. பசிலியோ முரசை மடியில் எடுத்துக்கொண்டார். ஓட்டுநர் ஆர்னுல்போ கண்ணாடியில் எல்லோரையும் பார்த்தார். “இருபத்திரண்டு வருஷமா இந்தப் பாலத்தைப் பார்த்துப் பார்த்துத் திருப்பறேன் அக்கா. கழுத்து வலிக்குது” என்று சொல்லிவிட்டு நேரே ஓட்டினார்.

இனி நானே கண்டது. நானும் என் தாயாரும் கூடையோடு பாலத்தின் நடுவில் வந்துகொண்டிருந்தோம். எதிரே பேருந்து வந்தது. வந்து, எங்களுக்காக நின்றது. வீடு போகிறவர்கள் அல்ல நாங்கள், சந்தைக்குப் போகிறவர்கள். ஆயினும் என் தாயார் ஏறினார். “லா பலிசாடா, ரெண்டு” என்றார். பழைய நடத்துநரேதான். கூடையைப் பார்த்தார், என் தாயாரைப் பார்த்தார். “மன்னிச்சுக்கங்க அக்கா. நண்டுக்கு நான் டிக்கெட் கேக்கல” என்றார். பேருந்தே சிரித்தது. இந்த முறை நானும் சிரித்தேன். படகுத்துறையில் மக்கள் பலகைப்பாதைகள் கொள்ளாமல் நின்றிருந்தார்கள். பரிசு வாங்கி வந்த நாளில்கூட அத்தனை ஆரவாரம் இல்லை. அன்று பாட்டைத்தான் வரவேற்றோம். மார்ச் 8 அன்று பாட்டில் கேட்டது நடந்தது.

6. மூன்றாம் நாள், ‘பேருந்தின் எடையைத் தாங்காத பாலத்தில் பயணிகளின் உயிரோடு விளையாடியதாக’ ஆர்னுல்போ பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பாலம் தாங்காது என்றால், ஆகஸ்டில் தங்களையும் ஏற்றிக்கொண்டு வந்த ஓட்டுநர்மீது இத்தகைய ஆணை பிறப்பிக்கப்பட்டதா என்று பணிவோடு கேட்கிறேன். பாலம் தாங்கும் என்றால், ஆர்னுல்போவின் குற்றம் என்ன? மார்ச் 9 காலை, நீர் வற்றிய நேரத்தில் இறங்கிப் பார்த்தேன். சாந்துப் பட்டை முழுதாக இருக்கிறது. படம் இணைத்துள்ளேன். தங்கள் பொறியாளர்கள் வந்தால் உடன் வந்து காட்டுகிறேன். அதற்குப் பேச வேண்டியதில்லை.

ஆகவே ஐயா, ஆர்னுல்போவை மீண்டும் பணியில் அமர்த்தி, அவர் கையாலேயே ஏழாம் எண் பேருந்தைப் படகுத்துறைவரை ஓட்டச் செய்ய வேண்டுகிறோம். இயலாது எனில், பேருந்தின் நெற்றியிலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள். அதை வைத்துக்கொள்ள இப்போது எங்களுக்குத் தெரியும்.

412 பேர் இதனுடன் கையொப்பமும் விரல்ரேகையும் இட்டுள்ளனர். முகவரிப் பத்தியில் எல்லோரும் எழுதியிருப்பது லா பலிசாடா. நகரத்துப் பக்கத்துக்காரர்கள் 37 பேரும் அதையே எழுதிவிட்டார்கள். அவர்கள் பெயர்களை அடித்துவிட்டுத்தான் 412 என்று எண்ணியிருக்கிறேன்.

தங்கள் பதிலை ரொட்டிக்கடைக்கு அனுப்ப வேண்டாம். மேலே எழுதியுள்ள முகவரிக்கு அனுப்பினால் வந்து சேரும்.

இடம்: லா பலிசாடா
நாள்: 18.03.2024

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாரிசெல் க்ருவேசோ அங்குலோ

இணைப்பு: கையொப்பத் தாள்கள், மூன்றாம் தூணின் படங்கள், 08.03.2024 அன்று ‘லா பலிசாடா’ என்று கிழித்துத் தரப்பட்ட பேருந்துச் சீட்டு, ஒன்று. (மற்றொன்றைத் தர என் தாயார் மறுத்துவிட்டார்.)